இறவாரப் பலகைக்கு எந்த டப்பா? டெல்டா வீடுகளின் வெளிமரப் பூச்சுகள்: ஒரு மதிப்புரை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து தை வெயில் ஏறும்போதுதான் ஓட்டு வீட்டு இறவாரத்தின், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பின், லட்சணம் தெரியவரும். முன்பலகையில் பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். மூட்டுப் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகும். சன்னல் நிலையின் கீழ்ச்சட்டம், வாசல் நிலைக்கால்களின் அடி, ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரத்தின் வெளியே நீண்ட மூக்கு, எல்லாவற்றுக்கும் இதே கதை. சரி, மாற்றிவிடலாம் என்று பெயின்ட் கடைக்குப் போனால் அலமாரி முழுக்க டப்பாக்கள். ஒவ்வொன்றும் மழை, வெயில், கரையான் மூன்றையும் தடுக்கும் என்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவின் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற அந்தச் சரக்கில் எது காசுக்குத் தகும், எது தகாது என்று இங்கே பார்க்கலாம்.

அளவுகோல் ஒன்றுதான்: பலகையின் வெட்டுவாயில் அந்தச் சரக்கு என்ன செய்கிறது?

மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த நுண்குழாய்க் கற்றை. பலகையின் முகம் தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். குறுக்கே அறுத்த முனை, அதாவது வெட்டுவாய், அதைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. 28, 30-ஐத் தாண்டினால் அது குடித்தனம் போட்டுவிடும். முகத்தில் மட்டும் நான்கு கோட் எனாமல் அடித்து, முதுகையும் முனையையும் வெறும் மரமாக விட்டால் தண்ணீர் பின்வாசல் வழியாக வருகிறது. முன்னால் இருக்கும் பெயின்ட் அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. இப்படிப் பெயின்ட் அடித்த பலகை அடிக்காத பலகையைவிடச் சீக்கிரம் மக்குவதற்குக் காரணம் இதுதான்.

டெல்டாவில் இதற்கு மேலும் சில வில்லங்கங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து வருவதால் வடக்கும் கிழக்கும் பார்த்த இறவாரம் முதலில் ஊறும். மேற்குப் பக்கத்தில் வெயிலால் பூச்சு வெடிக்கும். ஒரே வீட்டில் இரண்டு வியாதி. வாசல் நிலைக்காலுக்கு மழைகூடத் தேவையில்லை. விடிகாலை வாசல் தெளிக்கும் தண்ணீர் வருஷம் முழுக்க அதன் அடியில் தெறிக்கிறது. பழைய சிவப்புத் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டித் தளத்தை உயர்த்திய வீடுகளில் நிலைக்காலின் அடி இரண்டு அங்குலம் சிமென்டுக்குள் புதைந்து கிடக்கும். அதை எந்த டப்பாவும் காப்பாற்றாது. திண்ணைத் தூணைக் கல் ஆதாரத்தின் மேல் நிறுத்திய பழைய ஆசாரிகள் பெயின்டை நம்பவில்லை, தண்ணீர் மரத்தடியில் நிற்காத இடைவெளியை நம்பினார்கள்.

டப்பாவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது

ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. மெத்தென்ற பகுதி முடியும் இடத்திலிருந்து இன்னும் அரை அடி நல்ல மரத்துக்குள் சென்று அறுக்க வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஏற்கெனவே போயிருக்கும். அறுப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் நகர்ந்த ஓடு, வேப்பிலையும் தென்னம்பூவும் அடைத்த மழைநீர்த் தகரம், அல்லது மரத்தின் மேல் ஏறி நிற்கும் சிமென்ட் பூச்சு. அதைச் சரிசெய்யாமல் போடும் புதுப் பலகை இரண்டாவது பருவமழையிலேயே திரும்ப மெத்தென்றாகும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மூக்கு மூடி போடுங்கள், சுரண்டிய தூளைக் கொல்லையில் கொட்டாதீர்கள். குழந்தைகள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வளர்ந்த தேக்கு உட்பட எந்தத் தேக்காக இருந்தாலும் நடுவிலுள்ள வைரப் பகுதிதான் அழுகலைத் தாங்கும், அதைச் சுற்றியுள்ள வெளிறு தாங்காது. வெளிர் மஞ்சள் விளிம்போடு வரும் இளந்தேக்குப் பலகையை வெளியில் போடுவது தேக்கு விலை கொடுத்து மாமரம் வாங்குவது போல. வைரம் பாய்ந்த வேம்பும் பூவரசும் தாராளமாகப் போடலாம், ஆனால் வேம்பு நன்றாகக் காயாமல் போட்டால் முறுக்கிக்கொள்ளும். பனங்கைமரத்தின் வெளிச்சுற்று இரும்பு, உள்ளே சோறு. அதனால் பனையின் வெட்டுவாய் மற்ற மரங்களைவிடக் கூடுதல் கவனிப்பைக் கேட்கும். இடித்த வீட்டு மரம் விற்கும் இடங்களில் கிடைக்கும் பழந்தேக்கு, வேங்கை இன்றைய புது மரத்தைவிடப் பல சமயம் மேல். ஆணி ஏதும் உள்ளே உடைந்து கிடக்கிறதா என்று மட்டும் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அறுவை மில்காரர் திட்டுவார்.

மரம் காய்ந்ததா என்பதை அறிய ஈரமானி இருந்தால் 15, 16 சதவீதத்துக்குள் காட்டட்டும். இல்லையென்றால் அதே பலகையின் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கு ஒரு முறை நிறுத்துக் குறித்து வையுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஒரே எடை வந்தால் அது ஊர்க்காற்றோடு சமாதானமாகிவிட்டது.

கரையான் மருந்து டப்பா

பிடிலைட்டின் டெர்மினேட்டர் போல எண்ணெய்க் கரைப்பானில் வரும் மரப் பாதுகாப்புத் திரவங்கள் கரையானுக்கும் துளைக்கும் வண்டுக்கும் நல்லவை. தண்ணீர் கலக்க வேண்டியதில்லை, அப்படியே அடிக்கலாம். மதிப்பெண் குறைவது வேறொரு இடத்தில்: வாங்குபவர்களில் பாதிப் பேர் இதை மழைத் தடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது விஷம் வைக்கும் வேலை. தண்ணீரை மறிக்கும் வேலை அடுத்து வரும் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு.

பிரஷ்ஷால் ஒரு கோட் தடவிவிட்டு முடித்தால் முகத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. பலகையை அளந்து அறுத்து, துளை போட்டு, இழைத்து முடித்த பிறகே அடியுங்கள். அடித்த பின் அறுத்தால் புதிதாகத் திறக்கும் முனையில் மருந்தே இருக்காது, அழுகலும் கரையானும் அங்கேதான் நுழையும். முகத்துக்கு இரண்டு கோட். முனைகளை ஒரு பழைய பெயின்ட் வாளியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் திரவம் ஊற்றி, அதில் செங்குத்தாகப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். எவ்வளவு குடிக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு நாற்றம் போகும்வரை இரண்டு, மூன்று நாள் நிழலில் விடுங்கள். கரைப்பான் ஆவியாகும் முன் பிரைமர் அடித்தால் அது ஒட்டாமல் வழுக்கும். மேல் கோட் சுருங்கி ஆரஞ்சுத் தோல் போல் ஆகும். மறுநாளே பெயின்டரை வரச் சொன்ன வீடுகளில் நடப்பது இதுதான்.

இழைத்த மரத்தில் லிட்டருக்குச் சுமார் 70, 80 சதுர அடி போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். கிணற்றடியில் பிரஷ் கழுவாதீர்கள். மீன் இருக்கும் குளமோ வாய்க்காலோ பக்கத்தில் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

வெண்காரமும் போரிக் அமிலமும்

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத, ஆனால் இந்த வரிசையிலேயே காசுக்கு மிகவும் தகுந்த சரக்கு இது. கேரம் போர்டில் தூவும் பொடிதான் போரிக் அமிலம். தட்டார் பட்டறையில் இருப்பது வெண்காரம். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் போட்டுக் கலக்கினால் தெளிந்து வரும். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாகக் கரைவதைவிட அதிகமாகக் கரையும். பூஞ்சை, கரையான், வண்டு மூன்றையும் தடுக்கும். நிறமில்லை, நாற்றமில்லை, ஆணியை அரிக்காது. பழைய காலத்து மயில்துத்தக் கரைசல் இரும்பை அரித்துவிடும் என்பதால் அந்த வகையிலும் இது மேல்.

இதன் பலமும் பலவீனமும் ஒன்றே: தண்ணீரில் நகரும். மரத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தால் முகத்திலிருந்து உள்ளே தானாகப் பரவும். அதனால் முழுதாக மாற்றாமல், அழுகிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்த பிறகு மிஞ்சி நிற்கும் பழைய மரத்துக்கு இதைவிட நல்ல மருந்தில்லை. காலை, மாலை என்று இரண்டு நாள், நான்கு முறை ஊற ஊற அடியுங்கள். ஆனால் மேலே பூச்சு இல்லாமல் மழையில் விட்டால் வந்த வழியே கரைந்து போய்விடும். மண்ணில் புதையும் கட்டைக்கும், எப்போதும் தண்ணீர் படும் இடத்துக்கும் உதவாது. அடித்த பின் ஒரு வாரம், பத்து நாள் காயவிட்டு, மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் பிரைமருக்குப் போகலாம். கரைசல் வைத்த பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும்.

முந்திரிக்கொட்டை எண்ணெய், பழைய ஆயில், தார்

கூரைக்குள் மறைந்திருக்கும் கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அருமையான சரக்கு. படகுக்கே அடிக்கிற பொருள். மரத்தைக் கருப்பாக்கும், மேலே பெயின்ட் ஒழுங்காக நிற்காது, தோலில் பட்டால் கொப்பளிக்கும். முன்பலகைக்கு வேண்டாம். வண்டி எஞ்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கைமரத்துக்கு அடிக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. செலவில்லை என்பதைத் தவிர அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மேல் எந்தப் பிரைமரும் பிடிக்காது, சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தவர் சட்டையில் சொட்டும். சுவருக்குள் போகும் முனைக்குத் தார் அடிப்பது பழைய முறை. நன்கு காய்ந்த மரமென்றால் சரி, ஈர மரத்தில் அடித்தால் ஈரத்தை உள்ளேயே வைத்து மூடியதாகும்.

பிரைமர்: முழு மதிப்பெண் இதற்குத்தான்

ஏஷியன் பெயின்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக் என்று எல்லா நிறுவனங்களும் எண்ணெய் அடிப்படையிலான மரப் பிரைமர் விற்கின்றன. வெள்ளையும் இளஞ்சிவப்பும் சாதாரணமாகக் கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் சொற்பம். அடிக்கும் விதத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் வருகிறது. விலை உயர்ந்த மேல் கோட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு பிரைமரில் சிக்கனம் பார்ப்பது இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

பலகை தரையில் இருக்கும்போதே ஆறு பக்கமும் அடித்து முடியுங்கள். முகம், முதுகு, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இரண்டு முனை. மேலே ஏற்றி ஆணி அடித்த பிறகு முதுகுக்கு யாரும் பிரஷ் கொண்டுபோக முடியாது. முதல் கோட்டுக்கு லிட்டருக்கு 100 மி.லி. டர்பன்டைன் கலக்கலாம். முனைகளுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு டப்பாவில் நான்கு பங்கு பிரைமருக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்து நீர்க்க வைத்துக்கொண்டு, அது உறிஞ்சுவதை நிறுத்தும்வரை பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தடவுங்கள். காய்ந்த பிறகு கெட்டியாக இரண்டு கோட். முனை மினுங்கினால் மூடியது. மங்கலாகச் சொரசொரவென்று இருந்தால் இன்னும் குடிக்கிறது. கைமரத்தோடு சேர்க்கும் இடத்தில் பலகையின் நீளத்தைச் சரிசெய்ய ஆசாரி கடைசியில் ஒரு அரை அங்குலம் அறுப்பார் பாருங்கள், அந்தப் புது வெட்டுவாய்க்கும் இதே உபசாரம் வேண்டும். பிரைமர் டப்பாவும் ஒரு அங்குல பிரஷ்ஷும் சாரத்தின் மேலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரு இரவு. 120 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. காலதாமதமும் ஆகாது: பிரைமர் அடித்த பலகையை மேல் கோட் இல்லாமல் மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் அது மாவு போல் உதிரும், பிறகு மேல் கோட் அந்த மாவின் மேல்தான் நிற்கும்.

டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றும் பெயின்டர் கிடைத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், பிசுக்கு காயாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் அதைவிட மோசம், கீழ்க் கோட்டையே தூக்கிவிடும். சுவருக்கு வாங்கிய சிமென்ட் பிரைமரும் இரும்புக்கான ரெட் ஆக்சைடும் மரத்துக்கு ஆகாது. தண்ணீரில் கரையும் மரப் பிரைமர் சீக்கிரம் காயும், நாற்றம் குறைவு, வீட்டுக்குள் நல்லது. வெளியில், அதிலும் வெட்டுவாயில், எண்ணெய்ப் பிரைமர் அளவுக்கு உள்ளே இறங்காது. தேக்கு, வேங்கை போன்ற மரங்களின் சாயத்தை அது வெளியே இழுத்துப் பழுப்புக் கறை போடுவதும் உண்டு.

மக்கு, எபாக்ஸி

ஆணிக்குழிக்கும் சிறு கீறலுக்கும் ஆளிவிதை எண்ணெயில் சாக்பவுடர் பிசைந்த பழைய மக்கு போதும், ஆனால் பிரைமருக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். வெறும் மரத்தில் வைத்தால் எண்ணெயை மரம் குடித்துவிட, மக்கு காய்ந்து உதிரும். சுவருக்குப் பார்க்கும் வெள்ளை சிமென்ட் பட்டியை மரத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் அசையும், அது அசையாது. முதல் மழையில் ஓரம் விலகி அந்தப் பிளவே தண்ணீர்த் தொட்டியாகும்.

எம்-சீல், அரல்டைட் இரண்டும் எபாக்ஸிதான், இரண்டு பாகம் கலந்தால் கல்லாக இறுகும் பிசின். எம்-சீலின் இரண்டு பாகத்தையும் சம அளவு, நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். ஸ்க்ரூ தலைக்குழிக்கும் நிலைக்காலின் சிறு பொந்துக்கும் நல்லது. தீப்பெட்டி அளவைத் தாண்டிய ஓட்டைக்கு எபாக்ஸி குழைத்து அடைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மரம் மழையில் பருத்து வெயிலில் இளைக்கும், எபாக்ஸி கல்லாக நிற்கும். நடுவே மயிரிழை விரிசல். அதற்கு மரத்துண்டு வைத்து ஒட்டுப்போடுவதே சரி: அதே மரம், அதே ரேகை திசை, ஃபெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசை, ஒரு இரவு இறுக்கிக் கட்டி வைத்தல். உள்ளே வைக்கும் சாதாரண வெள்ளைப் பசை வெளியில் ஒரு பருவமழைக்குத்தான் வரும்.

மேல் கோட்: எனாமலா, எமல்ஷனா, கிளியரா?

இந்தக் கேள்வியில்தான் கடைக்காரரும் ஆசாரியும் பெயின்டரும் மூன்று திசை.

மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று வெளிப்பலகைக்குப் பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். முற்றத்துக் கதவுக்கு, திண்ணைக் கூரைக்கு உட்பட்ட தூணுக்கு அது அழகு. நேர் வெயில் படும் முன்பலகைக்கு வீண்செலவு. கிளியர் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய் மரத்தின் மேல்தோலைச் சிதைக்கிறது. பூச்சு உறுதியாக இருந்தும் அது பிடித்திருக்கும் மரம் விட்டுவிடுவதால் செதில் செதிலாக எழும்பும். வெளிப்புறத்துக்கு என்று எழுதிய பி.யு. டப்பாக்களில் கதிர்த் தடுப்பு சேர்த்திருப்பதால் இது தள்ளிப்போகும், நிற்காது. எழும்பிய கிளியரை முழுக்கச் சுரண்டாமல் மேல் கோட் அடிக்கவும் முடியாது. நிறம் உள்ள பூச்சில் நிறமியே குடை.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குப் பழம்பெரும் தைலம். டெல்டாவின் புழுக்கத்தில் மட்டும் அதில் ஒரு சிக்கல்: கரும்பூசணத்துக்கு அது சாப்பாடு. வருஷா வருஷம் அடிக்கப் பொறுமை இருந்தால், வெயில் படும் பக்கத்துக்கு மட்டும், காய்ச்சிய எண்ணெயாக வாங்குங்கள். பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

மிஞ்சியது சிந்தெடிக் எனாமலும் வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷனும். எனாமல் கெட்டியான பளபளப்பு, கழுவலாம், கை பட்டாலும் அழுக்கு ஒட்டாது. வயதானால் இறுகிப்போய், மரம் அசையும்போது விரிசல் விடும். நிலை, கதவு, சன்னல் என்று ஒன்றோடொன்று உரசும், கை படும் இடங்களுக்கு எனாமலே. யார் கையும் படாத இறவார முன்பலகைக்கு, எண்ணெய்ப் பிரைமர் இரண்டு கோட்டின் மேல் வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் கூடுதல் நாள் தாங்கும்: மரத்தோடு சேர்ந்து நெளியும், உள்ளே போன ஈரத்தைக் கொஞ்சமாவது வெளியே விடும். இது சுவர் பெயின்ட் ஆயிற்றே என்று பெயின்டர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கதவுக்கும் சன்னலுக்கும் மட்டும் அதை அடிக்காதீர்கள், மூடிய கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு பிய்க்கும்போது தோல் உரியும். மேற்குப் பக்கத்துக்குக் கரும்பழுப்பு வேண்டாம். வெளிர் நிறத்தைவிட அது வெயிலில் வெகுவாகச் சுடும், பலகை வளையும்.

பொருத்துதலும் சீலன்ட்டும்

நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார், தரங்கம்பாடி என்று கடலோரம் இருந்தால் 316 வகைத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊரென்றால் 304. இரும்பு ஆணி துருவோடு விரிந்து மரத்தைப் பிளக்கும். தேக்கில் சுற்றிலும் நீலக்கருப்புக் கறை போடும். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டு அங்குல ஸ்க்ரூ, ஒவ்வொரு கைமர மூக்குக்கும் இரண்டு, விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, முன்துளை போட்டு. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த பாதையில் இருக்கும் ஊர்களில் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

இரண்டு பலகை சேரும் மூட்டு கைமரத்தின் நடுவில் விழட்டும். நேராக அறுக்காமல் 45 பாகைச் சாய்வாக அறுத்து, இரண்டு வாயிலும் பிரைமர் அடித்துச் சேருங்கள். சன்னல் கீழ்ச்சட்டம் நான்கு அங்குல அகலமென்றால் வெளிப்பக்கம் அரை அங்குலச் சரிவு. அதன் அடியில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கால் அங்குல ஆழத்துக்கு ஒரு சொட்டுக் காடி, அதாவது தண்ணீர் சொட்டி விழ நீளவாக்கில் ஒரு பள்ளம். இந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் சட்டத்தின் அடியை நக்கிக்கொண்டே சுவர் வரை போகும். ஆசாரிக்கு அரை மணி வேலை. சுவரோடு ஒட்டும் பலகைக்குப் பின்னால் கால் அங்குலக் கட்டை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். நிலைக்காலின் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும். இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தால் கீழே ஒரு கருங்கல் துண்டு.

சிலிகான் சீலன்ட் குளியலறைக்கு. அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. மரத்துக்கும் சுவருக்கும் நடுவே பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக் அல்லது பி.யு. சீலன்ட் வாங்குங்கள், பி.யு. நன்றாக இழுத்துக்கொடுக்கும், விலையும் கூட. மேல் மூட்டையும் பக்க மூட்டையும் அடையுங்கள். கீழ் மூட்டை மூடாதீர்கள். எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வாசல்.

டபிள்யூ.பி.சி. பலகை

மரமே வேண்டாம் என்று மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. போடுவோருக்கு ஒரு வார்த்தை. அழுகாது, கரையான் பெரிதாகச் சீண்டாது. ஆனால் வெயிலில் நீளும்: எட்டடிப் பலகை காலைக்கும் உச்சிக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். முனையில் இடைவெளியும், ஸ்க்ரூவுக்குச் சற்றுப் பெரிய துளையும் விடாவிட்டால் வில்லாக வளையும். தாங்கு இடைவெளி இரண்டடியைத் தாண்டினால் தொய்யும். புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டுச் செதுக்கு வேலைக்கு நடுவே ஒரே ஒரு பிளாஸ்டிக் பலகை, பல்வரிசையில் கட்டிய பொய்ப்பல் போல.

எவ்வளவு வாங்குவது, எப்போது அடிப்பது

நாற்பது அடி முகப்பு, எட்டு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன் என்று வையுங்கள். மரம் 2.2 கன அடி, கழிவோடு இரண்டரை. ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு சுமார் 60 சதுர அடி. பாதுகாப்புத் திரவம் இரண்டு கோட்டுக்கும் முனை ஊறலுக்கும் இரண்டு லிட்டர். பிரைமர் இரண்டு கோட்டுக்கும் முனைக்கும் ஒன்றரை லிட்டர். மேல் கோட் ஒன்றரை. டர்பன்டைன் ஒரு லிட்டர், பிரஷ் கழுவுவதையும் சேர்த்து. ஸ்க்ரூ, கைமரம் இரண்டடிக்கு ஒன்று என்றால் 42. ஐம்பதாக வாங்குங்கள், நான்கைந்து கைதவறி ஓட்டுக்குள் விழும்.

மாசி, பங்குனிதான் காலம். மரம் காய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொல்லாது. ஒரே இடைஞ்சல் பனி: மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தப் பனி பலகையின் மேல் காலை எட்டு, ஒன்பது மணி வரை நிற்கும். துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டே பிரஷ்ஷை எடுக்க வேண்டும். மாலை நாலரைக்கு மேல் எனாமல் அடித்தால் மறுநாள் பளபளப்பு மங்கிப் பால் பூத்திருக்கும். சித்திரை, வைகாசியில் அடிப்பதென்றால் நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே இருங்கள். சுடும் மரத்தில் எனாமல் மேலே ஏடு கட்டி, உள்ளே காயாமல் சுருங்கும். ஐப்பசியில் தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று அடிக்கும் பெயின்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

புரட்டாசியில் ஏணி வைத்து ஒரு சுற்று பாருங்கள். மூட்டு வாய், ஸ்க்ரூ தலை, கைமர மூக்கு இம்மூன்றில் மயிரிழைப் பிளவு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கோட் பிரைமர், ஒரு கோட் மேல்பூச்சு. மிச்சமிருக்கும் கால் லிட்டர் பிரைமரைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஏடு அடிப்பக்கம் கட்டும். திறக்கும்போது மேலே சுத்தமாக இருக்கும்.